சுங்கை சிப்புட் பச்சோந்திக் கடை: முதன்முறை இனப்பெருக்கம் செய்ய நினைப்பவர்களுக்கான மதிப்புரை

மலேசியாவின் பேரா மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் கடைத்தெருவின் பின்வரிசையில், மோட்டார் சைக்கிள் பட்டறைக்கும் பூசைப் பொருள் கடைக்கும் இடையில் இருக்கும் இந்தச் செல்லப்பிராணிக் கடையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மீன் தொட்டிகளும் பறவைத் தீனி மூட்டைகளும் மட்டுமே கண்ணில் படும். உள்ளே சென்று, பின்சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் வலைக்கூண்டுகளுக்கு முன்னால் நின்றால்தான் இங்கே நடக்கும் உண்மையான தொழில் புரியும். ஏமன் பச்சோந்திகளை விற்பது, அவற்றுக்கான தீனியும் விளக்கும் மருந்தும் தருவது, முட்டைகளை வாடகைப் பெட்டியில் அடைகாத்துக் கொடுப்பது ஆகிய மூன்றையும் இக்கடை செய்கிறது. ஓராண்டுக்கும் மேலாக வாடிக்கையாளராக இருந்து, என் வீட்டுப் பெண் பச்சோந்தியின் முதல் ஈட்டை, அதாவது ஒரே தடவையில் இட்ட முட்டைகளை, இவர்களுடைய துணையோடு பொரிக்கவைத்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். உரிமையாளரான அக்கா தம் பெயரும் கடையின் பெயரும் எழுத்தில் வருவதை விரும்பாததால் இரண்டையும் தவிர்த்திருக்கிறேன். ஊருக்குள் வந்து பச்சோந்திக் கடை எங்கே என்று கேட்டால் பட்டறைப் பையன்களே கைகாட்டுவார்கள்.

இக்கடையின் சிறப்பு, அக்கா விற்க மறுக்கும் விதத்தில் இருக்கிறது. நான் தீனி வாங்க நின்றிருந்த ஒரு மாலையில், பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த, படிவம் ஐந்து முடித்த இளைஞர் ஒருவர், "ஆணும் பொண்ணுமா ஒரு சோடி வேணும் அக்கா, ஒரே கூண்டுல போட்டுக்கலாம்ல?" என்று கேட்டார். கையில் பணமும் வைத்திருந்தார். "ஒரே கூண்டுல ரெண்டு நிக்காது தம்பி. சரி, முட்டை போட்டா எங்க வைப்ப? பொரிக்க ஆறேழு மாசம் ஆகும். நாப்பது குஞ்சு வந்தா யாருக்குக் குடுக்கப் போற?" என்று அக்கா கேட்டார். வித்துடலாம் என்று பதில் வந்ததும், "யாருக்கு? பேரு சொல்லு" என்றார். அந்தத் தம்பியிடம் பெயர் ஒன்றும் இல்லை. "ஆண் ஒண்ணு மட்டும் கொண்டு போ. ஒரு வருசம் நல்லா வச்சிருந்துட்டு வா, அப்புறம் பேசுவோம்" என்று சொல்லி, கூண்டுக்கும் விளக்குக்கும் ஆகும் செலவை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து அனுப்பினார். இரண்டு விலங்குகளை விற்கக்கூடிய இடத்தில் ஒன்றை மட்டும் விற்பதற்கு, அதுவும் நாள் தள்ளி விற்பதற்கு, ஒரு சிறு கடைக்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும் என்பது கடைத்தெரு வாடகை தெரிந்தவர்களுக்குப் புரியும்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இருக்கும் கணக்கைச் சொல்லிவிட்டுத்தான் மேலே செல்ல வேண்டும். ஏமன் பச்சோந்தி ஒரே ஈட்டில் 20 முதல் 70 முட்டைகள் வரை இடக்கூடியது. நன்றாகத் தீனி போட்டு வளர்க்கும் வீடுகளில் 30, 40 என்பது சாதாரணம். பெண் ஒருமுறை இணைசேர்ந்தால் ஆணின் விந்தைத் தன் உடலுக்குள் சேமித்து வைத்துக்கொண்டு, அடுத்த ஈட்டிலும் மறுபடி ஆணைப் பார்க்காமலேயே கருவுற்ற முட்டைகளை இட முடியும். ஆகவே ஒருமுறை செய்து பார்ப்போம் என்று தொடங்குபவர் உண்மையில் இரண்டு மூன்று ஈடுகளுக்குப் பொறுப்பேற்கிறார். பெண்ணை மட்டும் தனியாக வாங்குபவர்களும் தப்ப முடியாது. ஆண் வாடையே இல்லாவிட்டாலும் கோழியைப் போலக் கருவுறாத முட்டைகளை இடும் இனம் இது. புதியவர்களுக்கு அக்கா முதலில் ஆணையே கொடுப்பதன் காரணமும் இதுதான்.

விலங்குகளின் தரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், கடையில் இருப்பவை அனைத்தும் கூண்டில் பிறந்து வளர்ந்தவை என்பதற்கான தாள்களைக் கேட்ட உடனே காட்டுகிறார்கள். ஏமன் பச்சோந்தி அடங்கிய ஷாமேலியோ பேரினம், அழிந்துவரும் உயிரினங்களின் அனைத்துலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின்கீழ் 1977 முதல் இரண்டாம் இணைப்பில் இருக்கிறது. அதாவது நாடு விட்டு நாடு செல்லும் ஒவ்வொரு விலங்குக்கும் அனுமதி வேண்டும், அந்த அனுமதியில் அது காட்டில் பிடிக்கப்பட்டதா கூண்டில் பிறந்ததா என்பதைக் காட்டும் குறியெழுத்தும் இருக்கும். காட்டுக்கு ஒரு குறி, கூண்டுப் பிறப்புக்கு வேறொரு குறி. வாங்குபவர் அதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். நம் நாட்டில் இந்த உடன்படிக்கையை நடைமுறைப்படுத்துவது 2008-ஆம் ஆண்டின் அழிந்துவரும் உயிரின அனைத்துலக வணிகச் சட்டம், அதாவது சட்டம் 686. தீபகற்பத்தில் காட்டுவிலங்குகளைப் பொறுத்தவரை பொறுப்பு வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்கு. இனப்பெருக்கம் செய்து குஞ்சுகளைக் கைமாற்ற நினைப்பவர்கள் தங்கள் நிலைக்கு என்ன உரிமம் தேவை என்பதை ஈப்போவில் உள்ள மாநில அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டும் என்று அக்கா வற்புறுத்துகிறார். பெண்ணை விற்பதற்கு முன் அந்தக் கடிதத்தைக் காட்டச் சொல்கிறார். சிலருக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம். எனக்கு இக்கடையின் மீது நம்பிக்கை பிறந்ததே அந்த இடத்தில்தான்.

கடையில் ஒரு தடித்த பதிவேடு இருக்கிறது. ஒவ்வொரு குஞ்சும் எந்தத் தாய்க்கு, எந்தத் தந்தைக்கு, எந்த நாளில் பொரித்தது, யாரிடம் சென்றது என்று நீல மையில் எழுதி வைத்திருக்கிறார்கள். சிறிய ஊர்களில் எல்லாரும் ஒரே இடத்திலிருந்து வாங்குவதால், அண்ணன் தங்கையை அறியாமலேயே இணைசேர்க்கும் ஆபத்து அதிகம். அதைத் தடுக்க இந்தப் பதிவேட்டை விட்டால் வேறு வழியில்லை. என் பெண்ணுக்குக் கடையிலேயே அழகான ஆண் ஒன்று இருந்தும், இரண்டும் ஒரே தாயின் பிள்ளைகள் என்பதால் அதை ஒதுக்கிவிட்டு, கோலகங்சாரில் இருக்கும் வேறொரு வளர்ப்பாளரின் ஆணைப் பரிந்துரைத்தார்கள். அதில் கடைக்கு ஒரு காசு இலாபம் இல்லை.

வயதிலும் கண்டிப்பு உண்டு. பெண் பச்சோந்தி நான்கைந்து மாதத்திலேயே பருவமடைந்துவிடும்; ஆனால் உடல் வளர்ந்து எலும்பு உறுதிப்படும் முன் முட்டைச் சுமையை ஏற்றினால், முட்டை வெளிவராமல் வயிற்றிலேயே தங்கிவிடும் முட்டைத் தேக்கத்தில் இறந்துபோவதற்கும் கால்சியம் வற்றிக் கால் வளைவதற்கும் வாய்ப்பு மிகுதி. ஓராண்டு நிறையும் வரை காத்திருக்க வேண்டும் என்பது கடையின் விதி. ஆண் பெண் வேறுபாட்டைக் குஞ்சிலேயே காணலாம்: ஆணின் பின்னங்காலில் பிறக்கும்போதே சிறு குதிமுள் இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. தலைக்கொண்டையைப் பார்த்துச் சொல்கிறேன் என்பவர்களை நம்ப வேண்டாம். சிறு வயதில் கொண்டை இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருக்கும்.

இணைசேர்க்கும் நாளில் அக்காவின் தம்பி நம் வீட்டுக்கே வந்து உடனிருக்கிறார். இதற்கு 50 ரிங்கிட் வாங்குகிறார்கள், பெட்ரோல் தனி. கொடுக்கலாம். முதன்முறை செய்பவர் தடுமாறுவது இந்தக் கட்டத்தில்தான். என் பெண்ணை ஆணின் கூண்டுக்குள் விட்டதும், முதல் நாள் அவள் உடலைத் தட்டையாக்கி, வாயைப் பிளந்து, முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே கரும்பச்சைக்கு மாறினாள். அவர் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் கையை உள்ளே கொடுத்து அவளை ஏற்றி வெளியே எடுத்துவிட்டார். "வேணாம்ங்குது அண்ணே. இப்ப விட்டா ரெண்டும் கடிச்சிக்கும்" என்று சொன்னதோடு சரி, அன்றைக்கு மறுபடி முயலவில்லை. சில நாள் கழித்து அதே பெண் இளம்பச்சை மாறாமல், ஆண் தலையாட்டி நெருங்கியபோது மெதுவாகக் கிளையில் விலகி நடந்து, பின் நின்றாள். கால் மணி நேரத்தில் முடிந்தது. ஓரிரு நாளில் அவள் உடல் கறுத்து, அதன்மேல் மஞ்சளும் நீலமுமாகப் புள்ளிகள் தெறித்தபோது, சினை பிடித்துவிட்டது, இனி ஆணைக் கண்ணில் காட்டக்கூடாது என்று தொலைபேசியில் சொன்னார்கள். இந்த நிறங்களைப் படிக்கத் தெரியாமல், இரண்டையும் ஒரு வாரம் ஒரே கூண்டில் விட்டுவிடும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. அது பெண்ணைக் கொல்லும் பழக்கம்.

சினைப்பட்ட பெண் மூன்று நான்கு வாரத்தில் முட்டையிடும். அதற்கு முன்பே முட்டைத் தொட்டி கூண்டுக்குள் இருக்க வேண்டும். கடையில் அதைத் தயாராகவும் விற்கிறார்கள், செய்யவும் கற்றுக் கொடுக்கிறார்கள். வழுவழுப்பான ஒரு ஞெகிழி வாளி, குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் கழுவிய ஆற்றுமணலும் இரசாயன உரம் கலக்காத மண்ணும் கலந்து நிரப்பியது, அவ்வளவுதான். ஈரம்தான் சூட்சுமம். அக்கா ஒரு பிடி மணலை அள்ளி இறுக்கிப் பிடித்து, கையை விரித்து, அந்த உருண்டைக்குள் சுண்டுவிரலை மெதுவாக நுழைத்துக் காட்டினார். விரலை எடுத்த பிறகும் துளை அப்படியே நின்றது. "இப்படி நிக்கணும். சரிஞ்சா தண்ணி பத்தல, விரல்ல தண்ணி வடிஞ்சா அதிகம்" என்றார். பெண் தலைகீழாகச் சுரங்கம் தோண்டி, அடியில் முட்டையிட்டு, மறுபடி மூடிவிட்டுத்தான் மேலே வருவாள். நடுவில் சுரங்கம் இடிந்தால் இடத்தை மாற்றி மாற்றித் தோண்டிச் சோர்ந்து, முட்டையை வயிற்றிலேயே நிறுத்திக்கொள்வாள். தோண்டும்போது யாராவது எட்டிப் பார்த்தாலும் அதே கதைதான். கூண்டின் அந்தப் பக்கத்தைத் துணியால் மறைத்துவிட்டு, வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களை அந்த அறைக்குள் விடாமல் இருக்க வேண்டும். இதை விலைப்பட்டியலின் பின்பக்கத்திலேயே அச்சிட்டிருப்பது பாராட்டத்தக்கது. ஆனால் மலாயில் மட்டும் இருக்கிறது, தமிழிலும் அச்சிட்டால் தோட்டத்துப் பெரியவர்களுக்கும் பயன்படும்.

அடைகாக்கும் சேவையைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனெனில் இந்தக் கடைக்கு நான் நெடுந்தொலைவிலிருந்தும் வரத் தயாராக இருப்பது அதற்காகவே. குளிர்நாட்டார் எழுதிய குறிப்புகளைப் படித்துவிட்டு நம்மவர்கள் சூடேற்றும் பெட்டியைத் தேடி அலைகிறார்கள். ஏமன் பச்சோந்தி முட்டைக்கு 26 முதல் 28 பாகை செல்சியஸ் போதும். பேரா வெயிலில் மூடிய அறையின் வெப்பம் பகலில் சாதாரணமாகவே 31, 32 பாகைக்கு ஏறிவிடும். நமக்கு வேண்டியது முட்டையைக் குளிர்ச்சியாக வைக்கும் ஏற்பாடு. கடையில் இதற்காக மதுப் போத்தல்களைக் குளிரவைக்கும் கண்ணாடிக் கதவுப் பெட்டிகள் இரண்டைப் பயன்படுத்துகிறார்கள். ஒன்றின் வெப்பம் 27 பாகையில் நிற்பதை, உள்ளே வைத்த தனி வெப்பமானியில் நான் வந்தபோதெல்லாம் பார்த்திருக்கிறேன். மாலை இடிமழையில் மின்சாரம் போனால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அடுக்குகளுக்கு நடுவே வைத்திருக்கும் தண்ணீர்ப் போத்தல்களைக் காட்டினார்கள்: அவை வெப்பத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ஓரிரு மணி நேரத்துக்குப் பெட்டியின் உள்வெப்பம் அதிகம் மாறாது. எளிய ஏற்பாடு, ஆனால் யோசித்துச் செய்த ஏற்பாடு.

முட்டைகளை மணலிலிருந்து எடுக்கும் முறையும் கவனத்துக்குரியது. இட்ட நிலையிலேயே, மேல்பக்கம் மேலாகவே இருக்க, ஒவ்வொன்றாக எடுத்து, பென்சிலால் மேலே ஒரு புள்ளி வைத்து, ஈரமாக்கிய வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்து வைக்கும் கனிமத் துகள்) நிரப்பிய பெட்டியில் பாதி புதையும்படி விரல் இடைவெளி விட்டு அடுக்குகிறார்கள். தண்ணீரை எடை போட்டுத்தான் கலக்கிறார்கள். வெர்மிகுலைட்டின் எடைக்குச் சமமாகவோ சற்றுக் குறைவாகவோ தண்ணீர் இருக்க வேண்டும், கைக்குத் தோன்றியபடி ஊற்றினால் முட்டை பூஞ்சை பிடிக்கும் அல்லது வற்றிவிடும். கரு உள்சுவரில் ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் அது இறந்துவிடும் என்பதற்காகத்தான் அந்தப் பென்சில் புள்ளி. ஒவ்வொரு பெட்டி மூடியிலும் தாயின் எண், இட்ட நாள், முட்டைகளின் எண்ணிக்கை எழுதப்பட்டிருக்கும். ஒரு பெட்டிக்கு மாத வாடகை 20 ரிங்கிட். ஆறு முதல் ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டிய முட்டைகளுக்கு இது மொத்தத்தில் சிறிய தொகையல்ல. ஆயினும் வீட்டில் தனியாக ஒரு குளிர்பெட்டியை வாங்கி ஓடவிடுவதற்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால், ஒரே ஓர் ஈட்டோடு நிறுத்திக்கொள்ள நினைப்பவருக்கு வாடகையே மலிவு. நடுவில் ஒருநாள் அக்கா கைவிளக்கை ஒரு முட்டையின் கீழே பிடித்துக் காட்டினார். இளஞ்சிவப்பாக ஒளிர்ந்த ஓட்டுக்குள் மயிரிழை போன்ற இரத்த நாளங்கள் கிளைத்திருந்தன. பக்கத்தில் இருந்த மஞ்சளான, சுருங்கிய முட்டையில் ஒன்றும் இல்லை. அதை அகற்றிவிட்டு, எண்ணிக்கையை மூடியில் திருத்தி எழுதினார்.

பொரிக்கும் காலம் நெருங்கும்போது முட்டையின் மேல் வியர்த்தாற்போல நீர்த்துளிகள் அரும்பும், ஓடு சற்றுக் குழியும். ஓட்டைக் கீறிய குஞ்சு தலையை மட்டும் நீட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்க அப்படியே இருக்கலாம்; மஞ்சள் கருவை உடலுக்குள் இழுத்துக்கொள்ளும் நேரம் அது, இழுத்து வெளியே எடுக்கக் கூடாது. கடையிலிருந்து தகவல் சொல்லிவிடுகிறார்கள், குஞ்சுகளை இரண்டாம் நாளில் நாம் எடுத்துச் செல்லலாம்.

இதற்குப் பிறகு வரும் தீனிப் பிரச்சினையில்தான் கடையின் பெரிய குறை தெரிகிறது. குஞ்சு ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10, 20 பூச்சிகள் தின்னும். 40 குஞ்சுகள் என்றால் தினமும் நானூறுக்குக் குறையாது, எண்ணூறுவரை போகும். அதுவும் கண்ணுக்குத் தெரியும் அளவே உள்ள செங்கெரிக் (சுவர்க்கோழிப் பூச்சி) குஞ்சுகளும் பறக்க முடியாத பழ ஈக்களும் வேண்டும். பெரிய செங்கெரிக்குக்கு இங்கே பஞ்சமே இல்லை, பறவைப் பிரியர்கள் நிறைந்த ஊர். ஆனால் பழ ஈ வெளியூரிலிருந்து பேருந்தில் வருகிறது; வராத வாரங்களும் உண்டு, வந்தாலும் வெயிலில் வெந்து பாதி செத்திருக்கும். தீபாவளிக்கு முன்பின் கடை மூடியிருக்கும் நாள்களில் சிறு செங்கெரிக்கும் கிடைப்பதில்லை. முட்டை பொரிக்க ஒரு மாதம் இருக்கும்போதே இரண்டு மூன்று போத்தல்களில் பழ ஈயை வீட்டிலேயே பெருக்கத் தொடங்கிவிட வேண்டும் என்பதை இவர்கள் எல்லாரிடமும் சொல்வதில்லை, கேட்டால்தான் சொல்கிறார்கள். பெண்ணை விற்பதற்கு முன் பெர்ஹிலித்தான் கடிதத்தைக் கேட்பவர்கள், ஈ வளர்க்கும் போத்தலையும் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. தீனி தீர்ந்துபோன இரண்டாம் வாரத்தில்தான் பல ஈடுகள் அழிகின்றன.

அப்படித் தீனி தீர்ந்தவர்கள் செய்வது வலையை எடுத்துக்கொண்டு செம்பனைக் காட்டுக்குள் இறங்குவது. அதை அக்கா கடுமையாகத் தடுக்கிறார், தடுப்பதும் சரி. பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 சனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனால் புல்லுக்கு வேறு மருந்துகள் அடிப்பதும், இளங்கன்றுகளில் காண்டாமிருக வண்டுக்குச் சைபர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து தெளிப்பதும் தொடர்கின்றன. மருந்தடித்த இலையைத் தின்ற வெட்டுக்கிளி உயிரோடு துள்ளிக்கொண்டிருக்கும்போதே குஞ்சின் வாய்க்குள் போகும். தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை செய்த குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதற்குப் பதிலாக, வாங்கிய செங்கெரிக்குக்கே பூசணி, சாவி என்ற கடுகுக்கீரை, முருங்கைக்கீரை போட்டு ஒரு நாள் வளர்த்துப் பிறகு கொடுக்கச் சொல்கிறார். பூச்சியின் வயிற்றில் இருப்பதுதான் பச்சோந்தியின் உடலில் சேரும். அதன்மேல் வெறும் கால்சியம் பொடியை ஒவ்வொரு வேளையும், வைட்டமின் டி3 கலந்ததை மாதம் இருமுறையும் தூவ வேண்டும். முட்டையிட்ட தாய்க்கு இது இரட்டிப்பாக அவசியம். ஒரு ஈட்டுக்குப் பிறகு கண் குழி விழுந்து, இடுப்பெலும்பு தெரிய நிற்பாள்.

விளக்கு விற்பனையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. டி5 வகை நீளக் குழல் விளக்கு, 5.0 அல்லது 6 விழுக்காடு யூவிபி (புறஊதாக் கதிர்) உள்ளது, பெண்ணின் எலும்புக்கும் முட்டை ஓட்டுக்கும் இன்றியமையாதது என்று அக்காவே விளக்குகிறார். ஆனால் அலமாரியின் கீழ்த்தட்டில் சுருள்வடிவச் சிறு விளக்குகளும் மலிவு விலையில் தொங்குகின்றன. அவற்றின் ஒளி கூண்டின் ஒரு மூலைக்கு மேல் எட்டாது. கேட்டால், சிறு பல்லிகள் வைத்திருப்பவர்கள் வாங்குகிறார்கள் என்கிறார். இருந்தாலும் பச்சோந்திப் பகுதிக்கு அருகில் அவற்றைத் தொங்கவிடுவது, விலையை மட்டும் பார்க்கும் புதியவரைத் தவறான பக்கம் இழுக்கும். குழல் விளக்கு எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் யூவிபி மங்கிவிடும், ஓராண்டில் மாற்ற வேண்டும் என்பதையும் பட்டியலில் சேர்த்தால் நல்லது. காலை வெயிலுக்குக் கூண்டை வெளியே தூக்கி வைப்பதற்கு ஈடு எந்த விளக்கும் இல்லை. அது நம் ஊரில் இலவசம். பாதிக் கூண்டு நிழலில் இருக்க வேண்டும், கண்ணாடித் தொட்டியாக இருக்கவே கூடாது.

ஏமன் பச்சோந்தி ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மலைச்சரிவுகளிலும் வாழ்வது; பகல் வெயிலைத் தாங்கும், ஆனால் இரவில் குளிர்ச்சியை எதிர்பார்க்கும். நம் தாழ்நிலத்தில் இரவும் புழுங்குவதால், காற்று நிற்கும் கூண்டில் நெஞ்சுச்சளி பிடித்து வாயைத் திறந்து மூச்சு வாங்கத் தொடங்கிவிடும். கடையில் விற்கும் நான்கு பக்கமும் வலை போட்ட, ஆணுக்கு 60 சென்டிமீட்டர் அகலமும் 120 சென்டிமீட்டர் உயரமும் உள்ள கூண்டு இதற்கு நன்றாகப் பொருந்துகிறது. வேலைப்பாடும் உறுதி, கதவுக் கொக்கி மட்டும் மெலிது. உள்ளே வைக்கச் செம்பருத்தியும் மணிபிளாண்டும் தொட்டியோடு கொடுக்கிறார்கள், இலையில் விழும் துளியைத்தான் பச்சோந்தி நக்கிக் குடிக்கும், கிண்ணத்து நீரை அது பெரும்பாலும் கண்டுகொள்ளாது. முன்பு இரண்டு ஆண் கூண்டுகள் எதிரெதிரே இருந்து, இரண்டும் நாள் முழுக்க நிறம் மாறி ஒன்றையொன்று மிரட்டிக்கொண்டிருந்தன. நான் எடுத்துச் சொன்ன அடுத்த வாரமே நடுவில் மூங்கில் தட்டி கட்டியிருந்தார்கள். சொன்னால் கேட்கும் கடை. கேமரன் மலையில் வீடு உள்ள சிலர் ஜேக்சன் பச்சோந்தி கேட்டு வருவதுண்டு. குளிர்மலை இனமான அதைத் தாழ்நிலத்து ஊர்க்காரர்களுக்கு இவர்கள் வரவழைத்துக் கொடுப்பதில்லை.

குஞ்சுகளை மூன்று மாதத்துக்கு முன் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பதும், அதற்குள் பெரியது சிறியதை நசுக்காதபடி அளவு பார்த்துப் பிரித்து, கடைசியில் ஒவ்வொன்றாகத் தனிக்கூண்டில் வைக்க வேண்டும் என்பதும் கடையோடு செய்துகொள்ளும் எழுத்து ஒப்பந்தத்தில் இருக்கின்றன. உரிமம் உள்ளவர்களிடமிருந்து மட்டும், ஓர் ஈட்டில் பத்துக் குஞ்சு வரை அக்காவே திரும்ப வாங்கிக்கொள்கிறார். விலை குறைவுதான், ஆனால் ஓர் உறுதி. மீதிக்கு வழி தெரியாதவர்களிடம், கூடுதல் முட்டைகளைக் கரு வளரும் முன்பே உறையவைத்துவிடச் சொல்கிறார். கேட்பதற்குக் கடினமாக இருக்கும். வளர்க்க ஆளில்லாத முப்பது உயிர்களைப் பொரித்துப் பட்டினி போடுவதைவிட அது மேல் என்று நானும் நம்புகிறேன். தோட்டத்து வேலியில் விட்டுவிடலாம் என்ற யோசனைக்கு இங்கே இடமே இல்லை. புளோரிடாவிலும் ஹவாயின் மாவி தீவிலும் வீட்டிலிருந்து வெளியேறிய ஏமன் பச்சோந்திகள் காட்டில் பெருகின; மாவியில் அரசே பிடித்து ஒழிக்க வேண்டிய நிலை வந்தது. நம் வேலியோரத்துப் பச்சை ஓணான்கள் வாழும் இடத்தில் இன்னொரு நாட்டு விலங்கை நுழைப்பதற்கு நமக்கு உரிமை இல்லை.

முட்டைத் தேக்கம் போன்ற அவசரத்துக்குக் கடையில் மருந்து இல்லை, இருக்கவும் கூடாது. சினைப் பெண் தோண்டாமல் கண்ணை மூடிக்கொண்டு பகலில் தூங்கினால், உடனே ஊர்வன பார்க்கும் விலங்கு மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். சுங்கை சிப்புட்டில் அப்படி ஒருவர் இல்லாததால் ஈப்போவுக்கு ஓட வேண்டியிருக்கும், பெரிய சிக்கல் என்றால் செர்டாங்கில் உள்ள புத்ரா பல்கலைக்கழக விலங்கு மருத்துவமனைக்கு. எந்த மருத்துவர் எந்த நாளில் இருப்பார் என்ற குறிப்பைப் பணப்பெட்டிக்கு மேலே ஒட்டி வைத்திருக்கிறார்கள். பெண்ணை வாங்கும் அன்றே அதைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம்.

கடை காலை பத்து மணிக்குத் திறக்கிறது, புதன்கிழமை விடுமுறை. பழ ஈ வருவதானால் வெள்ளிக்கிழமை மதியம்தான் வரும், மாலைக்குள் தீர்ந்துவிடும். அடைகாக்கும் பெட்டிகளில் இடம் குறைவு என்பதால், வாடகைக்கு வேண்டுபவர்கள் இணைசேர்க்கும் முன்பே அக்காவிடம் சொல்லிப் பெயரை எழுதி வைக்க வேண்டும். இடம் இல்லை என்றால், இடம் கிடைக்கும் வரை இணைசேர்ப்பதைத் தள்ளிப்போடச் சொல்லிவிடுகிறார்.